செலவுக்கு முந்தைய அரை மணி நேரம்: பணத்தோடு நமக்குள்ள உறவைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு தை மாதமும் நான் ஒரு கணக்கு நோட்டு வாங்குவேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. பால், கீரை, பஸ் டிக்கெட் என்று பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் போகும். பிறகு நின்றுவிடும். எந்த நாளில் நிற்கிறது என்பதை ரொம்பப் பிற்பாடுதான் கவனித்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிற ஒரு செலவு வரும் நாளில் நிற்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுவேன். மறுநாள் கணக்கு இடிக்கும். அதற்கும் மறுநாள் நோட்டு பீரோவுக்குள் போய்விடும். அப்படி ஆறு நோட்டு கிடக்கிறது.

எனக்குக் கணக்கு வராது என்றில்லை. வாடகை சைக்கிள் கடைக்காரர் மகன் நான். மணிக்கு இவ்வளவு என்று கடை வாசலில் நின்று காசு வாங்கி வளர்ந்தவன். கூட்டல் கழித்தலில் குறை இருந்திருந்தால் முதல் நோட்டிலேயே தீர்ந்திருக்கும். காசு கையைவிட்டுப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் மனசு எங்கே இருந்தது என்பதில்தான் கோளாறு இருந்தது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த அரை மணி நேரத்தைத் தேடிப் போகிறது. எந்த ஃபண்டில் போடலாம், தங்கம் வாங்கலாமா, மனை வாங்கலாமா என்பதற்கெல்லாம் இதில் பதில் கிடையாது. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தேவைப்படுவது இவ்வளவுதான்: கடைசி 90 நாள் வங்கி ஸ்டேட்மென்ட், பச்சை, சிவப்பு, நீலம் என மூன்று பேனா, நாற்பது பக்க நோட்டு ஒன்று, நாலைந்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். ராத்திரி வேண்டாம். தூக்கம் வராத நேரத்தில் பணத்தை யோசித்தால் எல்லாமே நஷ்டக் கணக்காகத்தான் தெரியும்.

படி 1: மூன்று காட்சிகளை எழுதுங்கள்

பன்னிரண்டு வயதுக்குள், பணம் சம்பந்தமாக நீங்கள் கண்ணால் பார்த்த மூன்று காட்சிகள். விளக்கம் வேண்டாம், பாடம் வேண்டாம். யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது, என்ன பேசினார்கள், அவ்வளவுதான்.

என் நோட்டில் முதல் காட்சி இது. ஆறாம் வகுப்பு. காலைப் பிரேயர் முடிந்ததும் ஃபீஸ் கட்டாதவர்கள் பெயரை வாசித்து வராந்தாவில் நிறுத்தினார்கள். ஏழு பேர். சாயங்காலம் அப்பா கல்லாவைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். மறுநாள் ஒரு மஞ்சள் பையில் சில்லறையும் அழுக்கு ஒரு ரூபாய்த் தாள்களுமாகக் கொண்டுவந்து ஆபீஸ் மேஜையில் வைத்தார். கிளார்க் அதைச் சத்தமாக எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தப்பி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

எழுதி முடித்ததும் பக்கத்திலேயே ஒரு கேள்வி: இந்தப் பையன் இப்போது எங்கே செலவழிக்கிறான்? எனக்கு விடை வரப் பத்து நாள் ஆனது. நாலு பேராக ஓட்டலுக்குப் போனால் பில்லை எப்போதும் நான்தான் எடுப்பேன். தாராள மனசு என்று நண்பர்கள் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தச் சின்னத் தட்டில் பில் மேஜைமேல் கிடக்கும் ஒரு நிமிஷத்தை என்னால் தாங்க முடியாது. யாராவது எண்ண ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பதற்றம். தாராளமும் பதற்றமும் பில்லில் ஒரே தொகையாகத்தான் தெரியும்.

உங்கள் காட்சி வேறாக இருக்கும். தீபாவளிக்குப் புதுத்துணி வராத வருஷம், அம்மா வளையலைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொடுத்தனுப்பிய மத்தியானம், அல்லது கேட்டதெல்லாம் கிடைத்து, அதைக் கொடுத்த அப்பா மட்டும் வீட்டில் இல்லாத வருஷங்கள். பணம் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்சிகள் உண்டு. எழுதும்போது நெஞ்சு ரொம்பக் கனத்தால் அன்றைக்கு மூடி வையுங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: வீட்டில் கேட்ட வாக்கியங்கள்

காசு என்ன மரத்துலயா காய்க்குது? நம்ம தகுதிக்கு இது போதும். நாலு பேர் என்ன சொல்வாங்க? பணம் இருக்கிறவன் எவன் யோக்கியன்? இந்த மாதிரி உங்கள் வீட்டில் அடிக்கடி விழுந்த வாக்கியங்களை, சொன்னவர் குரலிலேயே எழுதுங்கள். ஐந்து போதும்.

அமெரிக்க உளவியலாளர் பிராட் கிளான்ட்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட நம்பிக்கைகளை நாலு வகையாகப் பிரித்தார்கள். பணம் கெட்டது, அதைத் தொடாமல் இருப்பதே மேல் என்று விலகுவது. பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கும்பிடுவது. கையில் இருப்பதுதான் நம் மதிப்பு என்று எண்ணுவது. எந்நேரமும் காவல் காத்து, இருப்பதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. மேலே சொன்ன வாக்கியங்களை இந்த நாலு கூடைகளில் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூடை நிரம்பும். பணக்காரர்களைத் திட்டிக்கொண்டே லாட்டரி கனவு காண்பவரை நான் மட்டுமா பார்த்திருக்கிறேன்?

இந்தப் பிரிவினையை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் குரல் வாங்கச் சொல்கிறது, எந்தக் குரல் திட்டுகிறது என்று அடையாளம் தெரிந்தால் போதும்.

படி 3: 90 நாள், மூன்று நிறம்

இதுதான் உடல் உழைப்பு உள்ள படி. ஒரு ஞாயிறு முழுக்கப் போகும்.

வங்கி ஆப்பில் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கிக் காகிதத்தில் பிரின்ட் எடுங்கள். திரையில் பார்த்தால் விரல் தானாக வேகமாகத் தள்ளும், உறுத்துகிற வரிகளைக் கண் தாண்டிவிடும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் பெரும்பாலும் தேதி மட்டும்தான் இருக்கும். நமக்கு மணி வேண்டும். அது யுபிஐ ஆப்பின் பரிவர்த்தனைப் பட்டியலில் கிடைக்கும். எதிரில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்: இரவு 9.40, மத்தியானம் 3.15 என்று.

மளிகை, மருந்து, போக்குவரத்து என்று பிரிக்க வேண்டாம். அதை ஆப்புகளே செய்துவிடும், செய்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. வாடகை, ஃபீஸ், இஎம்ஐ போன்ற கட்டாயச் செலவுகளைத் தாண்டிச் செல்லுங்கள். மிச்சத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புள்ளி. மறுபடி வாய்ப்பு வந்தாலும் இதே செலவைச் செய்வேன் என்றால் பச்சை. பார்த்ததும் வயிற்றில் சுருக்கென்றால் சிவப்பு. என்ன செலவென்றே ஞாபகம் வரவில்லை என்றால் நீலம்.

சிவப்புக்காக எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் நீலம்தான் விஷயமுள்ளது. சிவப்பில் நாம் ஏற்கெனவே குற்றவாளி என்று தெரிந்துவிடுகிறது. நீலத்தில் நாம் அங்கே இருக்கவே இல்லை. என் முதல் கணக்கில் நீலம் 31. அதில் ஒன்றைத் துழாவிக்கொண்டு போனால், மூன்று மாதத்தில் மூன்று டார்ச் லைட் வாங்கியிருக்கிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

இதே உட்காரலில், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு சினிமாவுக்காகச் சேர்ந்த சந்தா மாதாமாதம் எடுத்துக்கொண்டிருக்கும். இப்படித் தானாகப் போகும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வரத்தான் செய்கிறது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் தள்ளுபடி விளம்பரத்துக்கும் நடுவில் வருகிறது.

படி 4: அரை மணி நேரம் பின்னால் போங்கள்

இப்போது நீலமும் சிவப்புமான வரிகளில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மணிக்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். போன் அழைப்புப் பட்டியல், போட்டோக்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சாட்சி சொல்லும்.

என் டார்ச் லைட் மூன்றும் செவ்வாய்க்கிழமை. நேரம் இரவு ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஆபீஸில் வாராந்திர ரிவ்யூ. அதில் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, சோபாவில் சாயும் நேரம் அது. சாயங்காலம் முழுக்க என் கையில் எதுவுமே இல்லை. அந்தப் பட்டனை அழுத்துவது மட்டும் என் இஷ்டம். அதுவும் நாளைக்கே வாசலுக்கு வந்து சேரும். 299 ரூபாய்க்கு நான் வாங்கியது டார்ச் லைட்டை அல்ல என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் கண்ணும் கலங்கியது.

துக்கத்தில் செலவழிக்கக் கை நீளும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. சிந்தியா கிரைடர், ஜெனிஃபர் லெர்னர் உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்டது. சிலருக்குச் சோகமான ஒரு படத்துண்டைக் காட்டினார்கள், சிலருக்குச் சாதாரணக் காட்சி. பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலைக் காட்டி எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சோகம் பார்த்தவர்கள் ஏறத்தாழ நாலு மடங்கு விலை சொன்னார்கள். படம் தங்களைப் பாதித்ததா என்று கேட்டால் இல்லவே இல்லை என்றார்களாம். நம் வீட்டில் கேட்டாலும் அதுதானே பதில், “தேவைப்பட்டுச்சு, வாங்கினேன்.”

சோகம் மட்டும்தான் என்றில்லை. சலிப்பு உண்டு, கோபம் உண்டு. சந்தோஷம் இன்னும் ஆபத்து, போனஸ் வந்த அன்று நாம் தரும் வாக்குறுதிகள் பிப்ரவரி வரை துரத்தும். குற்ற உணர்ச்சி தனி ரகம். பிள்ளை தூங்கிய பிறகு வீட்டுக்குப் போகும் அப்பா அம்மாக்கள் வழியில் வாங்கும் பொம்மைகளைப் பாருங்கள். அந்த மணியில் கடை திறந்திருப்பதே நமக்காகத்தான். எந்த உணர்ச்சி என்று பெயர் கண்டுபிடித்து எழுதுங்கள். “டென்ஷன்” என்று பொதுவாக எழுதினால் வேலைக்காகாது. அவமானமா, தனிமையா, பொறாமையா, சும்மா களைப்பா என்று பிரியும் வரை விடாதீர்கள்.

களைப்புக்கு மருந்து தூக்கம். பத்து வரியில் ஆறு வரி களைப்பு என்று வந்தால், இந்த வழிகாட்டியை மூடிவிட்டு ஒரு வாரம் பத்து மணிக்குப் படுத்துப் பாருங்கள். பாதி தீர்ந்துவிடும்.

படி 5: பணம் போவது வலிக்க வேண்டும், கொஞ்சமாவது

எங்கள் அப்பத்தா முந்தானையில் மூன்று முடிச்சு இருக்கும். ஒன்று பால்காரருக்கு, ஒன்று சீட்டுக்கு, ஒன்று வெற்றிலைக்கு. வெற்றிலை தீர்ந்து வாய் நமநமவென்று இருந்தாலும் பால் முடிச்சில் கை வைக்க மாட்டார். “அது பாலு காசுடா.” காசுக்கு ஜாதி ஏது, எல்லாம் ஒரே ரூபாய்தானே என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்கலாம். மனிதர்கள் அப்படி நினைப்பதில்லை, மனசுக்குள் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று 1980களிலிருந்து எழுதிவந்த ரிச்சர்ட் தேலர், 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பத்தாவிடம் கேட்டிருந்தால் முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருப்பார்.

முடிச்சின் விசேஷம், அவிழ்க்க நேரமாகும். பல்லால் கடித்து இழுக்க வேண்டும். அந்தப் பத்து வினாடியில் பாதி ஆசை அடங்கும். 2016இல் யுபிஐ வந்த பிறகு முடிச்சே இல்லாமல் போய்விட்டது. டீக்கடை முதல் நகைக்கடை வரை ஒரே சத்தம், ஒரே விரல் அசைவு. பத்து ரூபாய்க்கும் பத்தாயிரத்துக்கும் உடம்பில் வித்தியாசம் தெரிவதில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டிராசன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக இரண்டு மடங்குக்குக் கேட்டார்கள்.

ஆகவே முடிச்சைத் திரும்பப் போடுங்கள். நான் செய்தது: சம்பளம் வரும் கணக்கை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னொரு வங்கியில் சும்மா கிடந்த கணக்கை இணைத்து, வாராவாரம் ஞாயிறன்று 2,500 ரூபாய் மட்டும் அதற்கு மாற்றுகிறேன். பெட்டிக்கடை, டீ, ஆட்டோ, ஆன்லைன் எல்லாம் அதிலிருந்துதான். வியாழக்கிழமை தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஷாப்பிங் ஆப்புகளில் சேமித்து வைத்திருந்த கார்டு விவரங்களை அழித்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து போய், பர்ஸைத் தேடி, பதினாறு எண்ணை அடிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு எனக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது.

முழுக்க ரொக்கத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்ல மாட்டேன். சில்லறை இல்லாமல் கடைக்காரரிடம் திட்டு வாங்கிய காலம் ஒன்றும் பொற்காலம் இல்லை.

படி 6: மொய், சீர், நாலு பேர்

பணத்தைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்பட்ட அறிவுரைகளில் எனக்குக் குறையாகப் படுவது இந்த இடம். அவற்றில் செலவு என்பது ஒரு ஆள், ஒரு பர்ஸ், ஒரு ஆசை. நம் ஸ்டேட்மென்ட்டில் பெரிய தொகைகள் அப்படிப் போவதில்லை. காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம், வளைகாப்பு, தாய்மாமன் சீர் என்று போகின்றன.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் கீரமங்கலம், வடகாடு, அப்புறம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வரை, ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம், மொய்க்காகவே விருந்து. ஆட்டுக்கறிச் சாப்பாடு, பத்திரிகை, ஃபிளெக்ஸ், பந்தலில் வரிசையாக மேஜை போட்டு மொய் எழுதுவார்கள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, கையோடு ரசீதும் தருகிறார்கள். லட்சக் கணக்கில் சேரும். அதை வைத்துக் கடன் அடைப்பார்கள், போர் போடுவார்கள், தொழில் தொடங்குவார்கள். பிறகு சில வருஷங்களில் ஒவ்வொருவர் விருந்திலும் வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். அக்கா கல்யாணக் கடனை அப்பா அப்படித்தான் அடைத்தார். அதனால் இதையெல்லாம் தண்டச் செலவு என்று ஒரே கோட்டில் அடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் பிரித்துப் பார்க்கலாம். மொய் நோட்டை எடுங்கள். உங்களுக்கு வந்த மொய்யைத் திருப்பிச் செய்வது கடன், அதில் உணர்ச்சிக்கு வேலையில்லை. அடுத்த 12 மாதத்தில் யார் வீட்டில் என்ன விசேஷம் வரும் என்று உத்தேசமாக எழுதி, தொகையைக் கூட்டி, 12ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கிவிடுங்கள். புது மொய் நம் விருப்பம், உறவு வேண்டும் என்று வைப்பது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் சிவப்புப் புள்ளி.

போன வைகாசியில் ஒரு கல்யாணம். 1,000 எழுதுவதாக முடிவு பண்ணிப் போனேன். மொய் மேஜையில் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர், நல்ல குரலில் “அஞ்சாயிரம்” என்றார். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்து என் முறை. என் வாய் “மூவாயிரம்” என்று சொன்னதை நானே கேட்டேன். அந்த இரண்டாயிரம் யாருக்குப் போனது? மாப்பிள்ளை வீட்டுக்கு அல்ல. வராந்தாவில் நிறுத்தப்பட்ட ஆறாம் வகுப்புப் பையனுக்கு.

இதற்கு நான் கண்ட மருந்து ரொம்பச் சாதாரணம். வீட்டிலேயே கவரில் போட்டு, ஒட்டி, மேலே பெயரும் தொகையும் எழுதிவிடுவது. மேஜையில் வாய் திறக்க வேண்டிய அவசியமில்லை. பர்ஸில் வேறு பெரிய நோட்டும் வைத்துக்கொள்வதில்லை.

படி 7: செலவழிக்காததையும் பாருங்கள்

அப்பா போன பிறகு பீரோவைத் திறந்தோம். பதினோரு புதுச் சட்டைகள். குண்டூசிகூட எடுக்காமல், கழுத்துப் பட்டையில் அட்டையோடு. நாங்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் வாங்கிக் கொடுத்தவை. “இப்ப எதுக்கு? நல்ல நாளைக்குப் போட்டுக்கலாம்” என்பார். பல் போய் நாலு வருஷம் பல் கட்டாமலே குழைந்த சோறு சாப்பிட்டார். வங்கியில் டெபாசிட் இருந்தது.

சிக்கனத்தை நாம் புகழ்கிறோம், அதனால் இந்த நோய் கண்ணில் படுவதில்லை. ஸ்காட் ரிக் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2008இல், பணம் கொடுக்கும்போது எழும் வலியை வைத்து மனிதர்களைப் பிரித்தார்கள். அந்த வலி அதிகமாக இருப்பதால், செலவழிக்க வேண்டிய இடத்திலும் முடியாமல் தவிப்பவர்கள், ஊதாரிகளைவிட அதிகம் பேர் இருந்தார்கள். சிக்கனம் வேறு, இது வேறு. சேமிப்பதில் சந்தோஷப்படுபவர் சிக்கனக்காரர். செலவழிக்கப் பயப்படுபவர் மற்றவர்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று அறிய ஒரு சோதனை. உங்கள் வசதிக்கு ஒன்றுமே இல்லாத ஒரு தொகையை, உங்களுக்காக மட்டும், அவசியமில்லாத ஒன்றுக்குச் செலவழியுங்கள். பிடித்த ஓட்டலில் தனியாக ஒரு நெய் ரோஸ்ட் போதும். அன்று ராத்திரி அந்தக் காசு ஞாபகம் வந்தால் நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம், மாதம் ஒரு தடவை. மூன்றாவது மாதமும் தொண்டையில் சிக்கினால், படி 1க்குப் போய்க் காட்சிகளை மறுபடி வாசியுங்கள்.

படி 8: திறக்காத கவர்கள்

கடன் இருப்பவர்களுக்கு இந்தப் படி. இல்லாதவர்கள் தாண்டலாம்.

செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகள் இடம்பெற்றார்கள். கரும்புக்குப் பணம் வருஷத்தில் ஒரு தடவை, வெட்டிய பிறகுதான் வரும். வெட்டுக்கு முன்னால் கை முடை. அப்போது 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பணம் வந்த பிறகு 4 சதவீதம். அதே ஆட்களுக்கே இரண்டு சமயத்திலும் மூளைக்கு வேலை தரும் சோதனைகளை வைத்தார்கள். வெட்டுக்கு முன்னால் மதிப்பெண் குறைவு. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. மூளையின் ஒரு பகுதியைக் கடன் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

கடனில் இருப்பவர் முட்டாள்தனமாக இன்னொரு கடன் வாங்குகிறார் என்று சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம். உங்களையும் சேர்த்துத்தான்.

செய்ய வேண்டியது ஒரே தாள். நாலு பத்தி: யாருக்கு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, வீட்டில் யாருக்குத் தெரியும். நாலாவது பத்திதான் முக்கியம். “யாருக்கும் தெரியாது” என்று எழுத வேண்டியிருக்கும் கடன்தான், தொகை சின்னதாக இருந்தாலும், உங்கள் தூக்கத்தை அதிகம் தின்கிறது. அதைத்தான் முதலில் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டால் நிம்மதி வருகிறதல்லவா, அந்த நிம்மதியின் விலையைப் பார்ப்போம். பாக்கி 40,000, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 1,400. வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. நீங்கள் 2,000 கட்டினால் அசலில் குறைவது 348 ரூபாய். பாக்கி இருக்கும் வரை புதிதாகத் தேய்க்கும் செலவுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் பாக்கிக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. அந்த அழைப்புகளால் மனசு உடைந்து, உயிரை விடலாமா என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால், ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து கை எடுக்க முடியவில்லை என்றாலும், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

படி 9: வீட்டில் பேசுவது

ரிக் குழுவினர் 2011இல் இன்னொன்றும் எழுதினார்கள்: கை இறுக்கமானவரும் கை தாராளமானவரும் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள், பிறகு பணத்துக்காகவே சண்டை போடுகிறார்கள். நமக்குப் பாதிக் கல்யாணம் தரகரும் பெரியவர்களும் பண்ணிவைப்பது. இருந்தும் எப்படியோ அப்படித்தான் அமைகிறது.

எங்கள் வீட்டுப் பேச்சு ஒரு காலத்தில் இப்படி இருந்தது.

“ஏங்க, இந்த மூவாயிரத்து எண்ணூறு என்னது?”

“ஏன், நான் எதுவும் வாங்கக் கூடாதா?”

“கேட்டது ஒரு குத்தமா?”

அதோடு முடிந்தது, சாப்பாடு வரைக்கும் மௌனம். எங்களுக்கு உதவியது ஒரே ஒரு மாற்றம். ஏன் வாங்கினீங்க என்ற கேள்வியை எடுத்துவிட்டு, “அன்னிக்கு என்னாச்சு?” என்று கேட்பது. அதற்குப் பதில் சொல்ல வக்கீல் வைக்க வேண்டியதில்லை. என் மனைவியின் ஸ்டேட்மென்ட்டில் ஒரே நாளில் மூன்று புடவை. அன்னிக்கு என்னாச்சு என்றதும், அவள் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் என்றாள். மேற்கொண்டு அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்னால், இருவர் ஸ்டேட்மென்ட்டும் மேஜையில். அரை மணி நேரம்தான். ஆளுக்கு 1,500 ரூபாய் கேள்வி கேட்கப்படாத பணம். அதற்குப் புள்ளி வைக்க வேண்டாம், கணக்கும் வேண்டாம். இதைக் கொடுக்காமல் இந்தப் பழக்கத்தைத் தொடங்கினால் இரண்டாவது மாதமே ஒருவர் மற்றவருக்குப் போலீஸ் ஆகிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படி 3ஐ மட்டும் மறுபடி செய்தால் போதும்.

நீலப் புள்ளி 31இல் ஆரம்பித்தது, போன தடவை 9. அதில் ஆறு செவ்வாய்க்கிழமை. “அன்னிக்கு மட்டும் ஒன்பது மணிக்கு மேல போனை என்கிட்ட குடுத்துடுங்க” என்றாள் மனைவி. இரண்டு வாரம் கொடுத்தேன், நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் ஆபீஸில் ரிவ்யூவை வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று வாசலில் ஒரு பார்சல் வந்தது. நெயில் கட்டர் செட், பதினெட்டு சாமான்.